மலையாண்டிக்கு எட்டு வரி

கான்சாகிபை ஒரே புத்தகத்தில் இரண்டு தடவை தூக்கில் போட்டுவிட்டான் காசிமாயன். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

புத்தகத்தின் பெயர் ‘வைகைப் பொது அறிவுத் துணைவன்’. மதுரை மேலமாசி வீதியில் பிரியும் ஒரு சந்துக்குள் கண்ணுச்சாமியின் அச்சாபீஸ் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ். அங்கே பிழை திருத்துகிறவன் காசிமாயன். பதினெட்டு வருஷமாக அடுத்தவன் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே வயிறு கழுவியவன். எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் கண்ணுச்சாமிக்கு ஒரு யோசனை உதித்தது. ஊரில் பரீட்சை எழுதாத பிள்ளையே கிடையாது, எல்லாப் பரீட்சையிலும் பொது அறிவு கேட்கிறான், நாமே ஒரு புத்தகம் போட்டால் என்ன என்றார். எழுதுகிற பாரம் காசிமாயன் தலையில் விழுந்தது.

முன்பாதி கேள்வி பதில். நீளமான நதி எது, உயரமான சிகரம் எது என்கிற வகையறா. பின்பாதி ‘உலகப் பெருமக்கள்’. அகர வரிசையில் ஆளுக்கு எட்டு வரி. அசோகருக்கும் எட்டு வரி, நெப்போலியனுக்கும் எட்டு வரி. யாருக்காவது ஒரு வரி கூடினால் கண்ணுச்சாமிக்குப் பொறுக்காது. பந்தியில் ஆளுக்கு ஒரு வடை என்றால் ஒரு வடைதான் என்பார். காசிமாயன் நூலகத்துக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்தான். ஒரு வருஷக் கணக்கு சந்தேகம் என்றால் மூன்று புத்தகம் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினான். யோக்கியமான வேலைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆபீசில் எழுத்துப் பஞ்சம். பதினாறு பக்கம் அச்சானதும் அந்த ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பதினாறு பக்கத்தைக் கோக்க முடியும். அப்படி ‘ம’ வரிசையைக் கோத்து முடித்த ஒரு மத்தியானம், கம்பாசிட்டர் அன்னக்கொடி தலையைத் தூக்கினாள். எழுத்துக் கோப்பதில் அவள் கெட்டிக்காரி. வாயும் கெட்டி.

“சார், இந்த மருதநாயகத்தைத்தான ‘கா’வுல கான்சாகிபுன்னு ஒரு வாட்டி தூக்குல போட்டோம்? மறுக்காவும் போடணுமா?”

காசிமாயனுக்குச் சுருக்கென்றது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான். மதுரையிலே பிழைக்கிறவன் செய்கிற தப்பா இது? ‘கா’ ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஆகவே மருதநாயகத்தைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் பக்கத்தில் எட்டு வரி பள்ளம் விழும். மெஷின்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நாலு மணிக்குக் கரண்டு போய்விடும். அந்த இடத்தில் பொருந்த ‘மரு’வுக்குப் பிறகு ஒரு பெருமகன் வேண்டும். காசிமாயன் ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்தான். மரு, மல, மலை. பெற்ற அப்பன் பெயர் வந்து நின்றது.

பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தான். ‘மலையாண்டி (1901–1958). மதுரை மாவட்டம் நொச்சிக்கரையில் பிறந்தவர். நாட்டு விடுதலைக்காகப் பாடுபட்ட தியாகி. 1943இல் அந்நிய ஆட்சியை எதிர்த்துச் சிறை புகுந்தார். மதுரைச் சிறையில் ஓராண்டு கடுங்காவல் அனுபவித்தார். அங்கே கல் உடைக்கையில் இடக்கையின் இரு விரல்களை இழந்தார். விளம்பரத்தை விரும்பாதவர்.’ எண்ணிப் பார்த்தால் எட்டு வரி கச்சிதம். யார் சார் இவர் என்று அன்னக்கொடி கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருத்தர் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொல்கிறவனுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு வந்துவிடும். எழுமலையிலிருந்து நாலு மைல் உள்ளே போனால் நொச்சிக்கரை. மலையாண்டி அந்த ஊர்க் கண்மாய்க்கு மடை பார்த்த காவல்காரர். ஜெயில் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. சாகும்போது பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, பெரிய வீட்டுக்காரரின் நெல் முங்க ஆரம்பித்தது. அவருடைய ஆட்கள் இருட்டோடு போய்க் கரையை வெட்டிவிட்டார்கள். கீழே ஐம்பது ஏக்கர் பயிரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வெட்டியவன் இவன்தான் என்று ஒருவனைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் காவல் இருந்த மலையாண்டி தலையில் விடியும். கருப்பு என்கிற பண்ணையாள் கூலி கூட்டிக் கேட்டுப் பெரிய வீட்டின் கண்ணில் முள்ளாக இருந்தார். (ஊர் அவரை இன்றுவரை ‘அவன்’ என்றுதான் சொல்லும். இந்தக் கதையில் அவர்.) மதுரைக் கோர்ட்டில் மலையாண்டி கூண்டேறி, கருப்பு கரையை வெட்டியதைக் கண்ணால் கண்டேன் என்றார். மம்பட்டிப் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். பொய்க்கு ஓர் அடையாளம் வைத்தால்தான் நிற்கும் என்று வக்கீல் குமாஸ்தா சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டாவது சாட்சி விருமாண்டி; அவரும் அதே சிவப்புத் துணியைக் கண்டதாகச் சொன்னார். கருப்புக்கு ஒரு வருஷம். கல் உடைக்கிற இடத்தில் இடக்கைச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்றைக்கு அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயசுக் காசிமாயனும் கோர்ட்டுக்குப் போயிருந்தான். சாட்சி முடிந்ததும் பெரிய வீட்டுக் கணக்கில் ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தார்கள். வாழ்நாளில் முதல் பூரி. நாலு தின்றான். விஷயம் விளங்குகிற வயசு வந்த பிறகு பூரி என்றாலே அவன் தட்டைத் தள்ளிவிடுவான். அப்பனைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவான்.

அப்படிப்பட்டவன் ஏன் எழுதினான் என்றால், ஊரில் எவனெவனுக்கோ எட்டு வரி எழுதினோமே, நம் அப்பன் ஒருத்தர் தலைநிமிர்ந்து இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிற ஆசைதான். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவனுக்குத் தெரிந்த ஜெயில் கதை ஒன்றே ஒன்று. பென்சில் தானாக அதை எடுத்துக்கொண்டது. கருப்பை ஜெயிலுக்கு அனுப்பியது அப்பன். அந்த ஜெயிலையும் பிடுங்கிக்கொண்டது மகன்.

புத்தகம் நன்றாகவே போனது. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் பஸ் பஸ்ஸாக ஏறி விற்றார்கள். அச்சடித்த மூவாயிரத்தில் இரண்டாயிரம் மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டது. காசிமாயன் அந்த எட்டு வரியை மறந்தே போனான் என்று சொன்னால் பொய். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது தானாக அந்தப் பக்கத்தில்தான் விரியும்.

ஆனி மாதம் நொச்சிக்கரைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் நல்லகாமனிடமிருந்து கடிதம் வந்தது. அவர் திண்டுக்கல் பக்கத்து ஆள், ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நம் ஊர்த் தியாகியை உலகப் பெருமக்களோடு அச்சில் கண்டு நெஞ்சு விம்மியதாம். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிவிழா, ஆகஸ்டு பதினைந்தில் தியாகியின் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். அப்பாவுக்குப் படமே கிடையாது என்று காசிமாயன் பதில் போட்டான். அதற்கென்ன, ஓவியர் வருகிறார், மகனுக்கு அப்பன் ஜாடை இருக்காதா, நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்று மறுதபால். அதன் அடியில் ஒரு வரி: ‘பெரியவர் விருமாண்டியிடம் விசாரித்தேன். அத்தனையும் உண்மை என்று உறுதி சொன்னார்.’

காசிமாயனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஊரில் ஐம்பது வயசு தாண்டிய ஒவ்வொருத்தருக்கும் மலையாண்டியின் பத்து விரலும் தெரியும். யாராவது ஒரு கிழம் வாயைத் திறந்து தன்னைக் கேவலப்படுத்திவிடும் என்று பயந்துகொண்டிருந்தான். யாரும் திறக்கவில்லை. படித்த பிள்ளை எழுதியிருக்கிறான், நம் ஊர்ப் பெயர் புத்தகத்தில் வந்திருக்கிறது, போகட்டும் என்று ஊரே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டது. கேவலப்படுத்தியிருந்தாலாவது ஒரே நாளோடு போயிருக்கும்.

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயசிருக்கும். ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாளாம், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். கையில் ‘துணைவன்’ இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கோடு. புத்தகம் எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அன்னக்கொடி உள்ளே கை காட்டினாள்.

“சார், நொச்சிக்கரை மலையாண்டின்னு போட்டிருக்கீங்களே, அவரு கண்மாய்க்கு மடை பாத்தவரா? இல்ல, அந்தப் பேருல வேற யாரும் இருந்தாகளா?”

வேறு ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போய்விடுவாள். அவளே கதவைத் திறந்துவைத்துக் கேட்டாள். நீங்கள் யாரம்மா என்று மட்டும் கேட்டான் காசிமாயன்.

“கருப்பு மக. ராமக்காள்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனும் ஏதாவது எகிறியிருக்கலாம். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

“பரீட்சையில இந்தக் கேள்வி வந்தா நான் எதை எழுதணும் சார்?”

பதினெட்டு வருஷம் பிழை திருத்தியவன் கேள்வியைத் திருப்பிவிட்டான். அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன் என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டான், கேட்டிருக்க வேண்டாம்.

“ரெண்டு வாட்டி வாசிக்கச் சொன்னாரு. பெறகு, வெரலு மட்டும் என்னோடதுன்னாரு.”

காசிமாயனுக்குக் கூசிப்போயிற்று. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையில் கிடந்த புரூப் தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் என் அப்பாதான், படம் திறப்பதற்கு முன்னால் ஊருக்கு வந்து என் வாயாலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றான். சரி சார் என்றாள். நம்பினாளா நம்பவில்லையா என்று அந்தச் சரியில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்கரைக்கு பஸ் ஏறினான். உசிலம்பட்டி தாண்டுகிறவரை என்ன பேசுவது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டே போனான். பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில் ஓவியர் மொக்கைச்சாமி படம் எழுதும் சீலையை மாட்டித் தயாராக இருந்தார். நாடகத்துக்குத் திரையும் கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் எழுதுகிற மனுஷர். தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். விருமாண்டி நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் ஆள் வைரம் பாய்ந்த கட்டை. வா மாப்ள என்றார். அடுத்த புத்தகத்தில் தனக்கும் ரெண்டு வரி போட்டுவிடச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்தான். வெட்கங்கெட்ட சிரிப்பு.

பதினொரு மணிக்குள் முகம் வந்துவிட்டது. காசிமாயன் முகம்தான், மீசையை நரைக்கவைத்து, தலையில் முண்டாசு கட்டி, கதர்ச் சட்டை போட்டாகிவிட்டது. தன் மூஞ்சியே அப்பனாகித் தன்னை முறைக்கிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது சொல்லலாம், இந்த மீசை முடியட்டும், இந்தச் சட்டை முடியட்டும் என்று நேரம் போனது. கடைசியில் ஓவியர் தூரிகையைக் கழுவிவிட்டு ஒரு சங்கடத்தைச் சொன்னார். தியாகி தடியைப் பிடித்திருக்கிறார், இடக்கையில் ரெண்டு விரல் கிடையாது. அப்படி ஒரு கையைக் கண்ணால் பார்க்காமல் எழுத வராது. வெட்டுப்பட்ட இடம் எப்படி மூடியிருக்கும் என்று தெரிய வேண்டாமா?

“அதுக்கென்ன, நம்ம கருப்பு இருக்கான்ல. கூட்டியாரச் சொல்லுங்க” என்றார் விருமாண்டி.

அடப்பாவி மனுஷா. மறந்துபோய்ச் சொன்னாரா, மனசறிந்துதான் சொன்னாரா என்று அந்த மீனாட்சிக்குத்தான் வெளிச்சம். வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார்.

கருப்பு வந்தார். அறுபத்தைந்து வயசு. இடக்கையைத் தோளில் கிடந்த துண்டுக்குள் வைத்திருந்தார். எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார் என்பது காசிமாயனுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஊர் வழக்கத்தில் வா கருப்பு என்றுதான் கூப்பிட வேண்டும். காசிமாயன் எழுந்து நின்று வாங்க என்றான். விருமாண்டி மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். வெளியூர்க்காரரான தலைமையாசிரியர் ஒன்றும் அறியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். கருப்பு அதன் நுனியில் உட்கார்ந்து, துண்டை விலக்கி, கையைக் கைப்பிடி மேல் வைத்தார்.

ஒரு மணி நேரம் அந்தக் கை அசையவில்லை. தன்னை ஜெயிலுக்கு அனுப்பியவரின் படத்துக்குத் தன் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். மொக்கைச்சாமி நல்ல கைகாரர். விரல் இருந்த இடத்துச் சுருக்கத்தைக்கூட விடாமல் எழுதினார். எழுதிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, விரல் எப்படிப் போச்சு பெரியவரே என்று கேட்டார்.

கருப்பு காசிமாயனைப் பார்த்தார். “புஸ்தகத்துல போட்டிருக்காகள்ல. அப்பிடித்தேன்.”

ஓவியருக்கு விளங்கவில்லை. தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். நீங்களும் போராட்டத்தில் இருந்தீர்களா என்று ஆவலாகக் கேட்டார். கருப்பு காசிமாயனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நிமிஷம்தான். வாயைத் திறந்தால் போதும். காசிமாயன் திறக்கவும் திறந்தான். அதற்குள் விருமாண்டி எழுந்து அவன் தோளில் கை போட்டார்.

“வெயிலு ஏறிப்போச்சு மாப்ள. வீட்டுல கறி ஆக்கியிருக்காக. வா.”

போனான். எழுந்து, அந்த மனுஷரைத் தாண்டிக்கொண்டு, விருமாண்டி பின்னாலேயே போனான். போய்ச் சாப்பிட்டான். கறிக் குழம்பு ருசியாக இருந்தது, கொடுமை அதுதான். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது பூரி ஞாபகம் வந்தது. கையைக் கழுவிவிட்டு எவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினான். மதுரை வருகிற வரைக்கும் தன்னைத் தானே வைதுகொண்டு வந்தான். வைதால் தீருமா?

வாயால் முடியாததை அச்சால் செய்துவிடலாம் என்று மறுநாள் ஒரு வழி தோன்றியது. அச்சுத்தொழிலில் இருக்கிறவனுக்கு அதுதானே தோன்றும். பிழைதிருத்தச் சீட்டு ஒன்று எழுதி அன்னக்கொடியிடம் கொடுத்தான். ‘112ஆம் பக்கத்தில் மலையாண்டி பற்றிய குறிப்பு தவறானது. நீக்கிப் படிக்கவும்.’ விற்காமல் கிடந்த எண்ணூறு புத்தகத்திலும் அவனே பசை தடவி ஒட்டினான். மூன்று நாள் ஆயிற்று. கண்ணுச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். காசிமாயனுக்கு மட்டும் நெஞ்சு லேசானது. ஒரு பத்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆகஸ்டு பதினைந்து காலையில் வெள்ளன நொச்சிக்கரை போய் இறங்கினான்.

பள்ளிக்கூட வாசலில் ராமக்காள் அப்பாவோடு நின்றிருந்தாள். லீவு போட்டு வந்திருந்தாள். சீட்டை எடுத்து நீட்டினான். இப்போது நினைத்தால் நாண்டுகொண்டு சாகலாம் போல இருக்கிறது அவனுக்கு; அப்போது கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டினான். அவள் வாங்கி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“நீக்கிப் படின்னா?” என்றார் கருப்பு.

“அந்த எட்டு வரியும் இல்லைன்னு வச்சுக்கிறணும்பா.”

“அப்ப நான் ஜெயிலுக்குப் போனதும் இல்லைன்னு ஆயிருச்சா?”

ராமக்காள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “பொய்ய எடுத்துட்டீங்க, சரி சார். எங்கப்பா பேரு எங்க?”

காசிமாயனுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. எண்ணூறு சீட்டு ஒட்டியிருக்கிறான். கருப்பு என்கிற நாலெழுத்தை அதில் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தன் பொய் தன்னோடு போனால் போதும் என்றுதான் பார்த்திருக்கிறான். பொய்யை எழுதியபோதுகூட அந்த ஜெயிலும் அந்த விரலும் ஏட்டில் இருந்தன. இப்போது அதையும் துடைத்தாகிவிட்டது.

அதற்குள் மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தியாகியின் திருமகன் மேடைக்கு வரவும் என்றார் தலைமையாசிரியர். படம் மேடையில் மஞ்சள் துணி போர்த்தி நின்றது. ஊரே கூடியிருந்தது. காசிமாயன் ஏறினான். இந்தத் தடவை சொல்லிவிட்டான்.

“எங்கப்பா ஜெயிலுக்குப் போகலை. போனது கருப்பய்யா. கரையை அவரு வெட்டலை. வெட்டினாருன்னு கோர்ட்டுல எங்கப்பா பொய் சாட்சி சொன்னாரு. புத்தகத்துல நான் பொய் எழுதினேன். வெரலு அவரோடது.”

தலைமையாசிரியர் முகம் வெளுத்துப்போனது. கருப்பு கூட்டத்துக்குக் கடைசியில், வேலி ஓரமாக நின்றிருந்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் முன்வரிசையில் இருந்த விருமாண்டியைத்தான் பார்த்தார்கள். அவர் அவசரப்படாமல் எழுந்தார்.

“அன்னைக்கு இவன் ஏழு வயசுப் பய. இவனுக்கு என்ன தெரியும்? ஜெயிலுக்குப் போறப்ப மாலை போட்டு அனுப்புனவன் நான். சிவப்புத் துண்டு போத்தி அனுப்புனேன்.”

எங்கே இருந்துதான் வந்ததோ அந்தச் சிவப்பு. ஒரு பொய்க்கு வைத்த அடையாளத்தை முப்பத்தாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து அடுத்த பொய்க்கு எடுத்துக்கொண்டார். அவர் வயசுக்காரர்கள் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், அச்சுல வந்ததை நம்புறதா, இந்தாளு வாயில வாரதை நம்புறதா என்று கேட்டான். அது நியாயமான கேள்வியாகப் பட்டது கூட்டத்துக்கு. தலைமையாசிரியருக்கும் மூச்சு வந்தது. புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். விளம்பரத்தை விரும்பாதவர் என்று இதிலேயே எழுதியிருக்கிறதே, அப்பாவின் அடக்கம் மகனுக்கும் வந்திருக்கிறது என்றார். படபடவென்று கை தட்டினார்கள். பொய்யில்லை, அத்தனையும் நிஜம், கேளுங்கள் என்று காசிமாயன் கத்திய கத்தலைக் கைதட்டல் முழுங்கிவிட்டது. சட்டைப்பையிலிருந்த சீட்டுகளை எடுத்து நீட்டினான். முன்வரிசையில் ஒருத்தர் வாங்கி, படிக்காமலே மடித்துக் காது குடைந்தார்.

துணியை விலக்கினார்கள். காசிமாயனின் முகமும் கருப்பின் கையுமாக மலையாண்டி நின்றார். பலகை எழுதுகிற கை சும்மா இருக்குமா? படத்துக்குக் கீழே எட்டு வரியையும் அழகாக எழுதி வைத்திருந்தார் மொக்கைச்சாமி.

காசிமாயன் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலி ஓரத்துக்கு வந்தான். சொல்லிவிட்டேன் என்று சொல்லலாமா? அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. ராமக்காள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பு துண்டைச் சரிசெய்துகொண்டார். இத்தனை காலமும் மலையாண்டி மகனை அய்யா என்றே கூப்பிட்டுப் பழகியவர் அவர்.

“நானும் அன்னைக்கு கோர்ட்டுல இப்பிடித்தேன் தம்பி சொன்னேன். நான் வெட்டலைன்னு. விருமாண்டி எந்திரிச்சாப்ல. அம்புட்டுத்தேன்.”

வெள்ளிவிழாவுக்கு மிட்டாய்த் தட்டு வந்தது. கருப்பு ஒன்று எடுத்து மகள் கையில் கொடுத்தார். தட்டு காசிமாயன் முன்னால் வந்து நின்றது. அவனுக்குக் கை நீளவில்லை.